அம்மாவின்ர பிறஷர்

ஸ்காபரோ, தை மாதம்

அன்புள்ள அக்கா,

உங்கட கடிதம் கிடைச்சுக் கனநாள். வேலையும் பனியுமாய்ப் பதில் பிந்திப்போச்சு, கோபிக்காதேங்கோ. நான் நல்ல சுகம்.

தலை சுத்துது எண்டு அம்மா குளிசையைப் பாதியாய் உடைச்சுப் போடுறா எண்டு எழுதினீங்கள். மெல்லக் கரையிற வகைக் குளிசையை உடைச்சால் மருந்து ஒரேயடியாய் இறங்கி, தலைசுத்து இன்னும் கூடும். கிளினிக்கில கேளாமல் உடைக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். முதல்ல ஒழுங்காய் அளவுங்கோ.

இங்க சனிக்கிழமைகளில் சமூக நிலையத்தில முதியவர்களுக்குப் பிறஷர் பார்க்கிற தொண்டுக்குப் போறன். மருந்து பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது. அளந்து கொப்பியில எழுதிக் குடுக்கிறதுதான். பிழை முழுக்க அந்த அளக்கிறதிலதான். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரக் கிழவி குளிருக்குள்ளால நடந்து வந்த கையோட கையை நீட்டுவா. ஸ்வெட்டரைக் கழட்டாமல் சுருட்டி மேலே ஏத்துவா, அது கையை இறுக்கும். கதையும் ஓயாது, கதைச்சாலே பிறஷர் ஏறும்.

அம்மாவுக்கு அரை மணித்தியாலம் முந்தித் தேத்தண்ணி குடுக்காதேங்கோ. சலம் போயிட்டு வந்து, சாய்மானக் கதிரையில ரெண்டு பாதமும் நிலத்தில பட 5 நிமிசம் பேசாமல் இருக்கட்டும். வெறுங்கையில, முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேலே பிறஷர் மெசின்ர பட்டி. கை மேசையில, நெஞ்சு மட்டத்தில. ஒரு நிமிசம் விட்டுத் திரும்பவும் பாருங்கோ. காலமை குளிசைக்கு முதல் ரெண்டு, பின்னேரம் ரெண்டு, 7 நாள். முதல் நாளைத் தள்ளிப்போட்டு மற்றதுகளுக்குச் சராசரி எடுங்கோ. வீட்டில 135/85 வந்தாலே கூட எண்டுதான் கணக்கு.

அம்மாவின்ர கை மெலிவு. மெசினோட வாற பட்டி பெரும்பாலும் 22 முதல் 32 சென்ரிமீற்றர் கைக்கு. தையல் நாடாவால மேற்கையின்ர நடுவில அளந்து பாருங்கோ; கைக்குப் பெரிய பட்டி குறைச்சுக் காட்டும். மணிக்கட்டில கட்டுற மெசின் வாங்காதேங்கோ.

தலைசுத்துக்கு வேற விதம். 5 நிமிசம் படுத்திருக்க ஒருக்கா, எழும்பி நிண்டு 1ஆம், 3ஆம் நிமிசத்தில ஒவ்வொருக்கா. நீங்கள் பக்கத்தில பிடிச்சுக்கொள்ளுங்கோ. மேல் அளவு 20 இறங்கினால் கொப்பியோட கிளினிக்குக்குப் போங்கோ. 180/120க்கு மேல போய் நெஞ்சு நோவோ நாக்குக் குழறலோ வந்தால் உடனே 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்கு மேல வேண்டாம், அது மட்டமாய் ஒரு தேக்கரண்டி. கூழுக்குப் போடுற கருவாட்டிலயே அது முடிஞ்சிடும். இங்கயும் ஒடியல்மா கிடைக்கும், ஆனால் ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்சி ஆரோட இருந்து குடிக்கிறது?

மெசின் காசு மாத முடிவில அனுப்புறன். கொஞ்சம் பிந்தினால் யோசிக்காதேங்கோ, வேற ஒண்டுமில்லை. வேலி அடைக்கிற கதையை அத்தான் சித்தப்பாவோட இப்ப எடுக்க வேண்டாம்; கிணத்துப் பங்கு எழுத்தில வரட்டும். சின்னவளின்ர சோதனை மறுமொழி வந்ததோ?

இப்படிக்கு,
தம்பி