மலையைத் துடைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் மலைக்குகையில் இருந்த பெயின்ட் எழுத்துகள் போய்விட்டன. ஏறும் வழியில் கிடந்த பாட்டில் சில்லுகளும் பெரும்பாலும் போய்விட்டன. கைகொடுத்தவர்களுக்கு ஊர் சார்பில் நன்றி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் காசுக்கு அடிவாரத்தில் குப்பைத்தொட்டி வைக்கலாம் என்று முடிவானதால் இந்த மடலோடு நிறுத்திக்கொள்கிறோம். பதவி வரிசை பார்த்து எழுதவில்லை. யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நன்றி ஆடு மேய்க்கும் அப்பத்தாவுக்கு. இரவில் மலைமேல் குடியும் கூச்சலும் நடப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குமேல் பெண்கள் அந்தப் பக்கம் விறகு பொறுக்கப் போவதை நிறுத்திவிட்டார்கள் என்பதும் தெரியும். நாம் மனு எழுதினோம். மனு எங்கோ ஒரு மேசையில் தூங்கியது. அப்பத்தாதான் தன் வெள்ளாட்டின் குளம்பிலிருந்து பிடுங்கிய கண்ணாடிச் சில்லை முந்தானையில் முடிந்து வந்து, சுதந்திர தினக் கிராமசபைக் கூட்டத்தில் மேசைமேல் வைத்தார். பழுப்பு நிறச் சில்லு, நுனியில் இரத்தம் காய்ந்திருந்தது. “இதைத் தீர்மானத்தில் எழுதுங்கள்” என்றார். எழுதினோம். மனுவுக்கு அசையாத காரியம் தீர்மானத்துக்கு அசைந்தது.

அடுத்து, உயர்நிலைப் பள்ளித் தமிழ் ஆசிரியைக்கும் அவருடைய மாணவர்களுக்கும். பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் நாம் எல்லாரும் சொல்லி வளர்ந்தோம். அங்கே படுத்தவர்கள் சமணத் துறவிகள் என்பதையும், தலைமாட்டில் தலையணைபோல் மேடு விட்டுப் பாறையைச் செதுக்கியிருப்பதையும், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் குகையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பதையும், அந்தக் காடிக்குக் கீழே இருப்பது தமிழ் பிராமி என்னும் பழங்காலத் தமிழ் எழுத்து என்பதையும் பிள்ளைகள் வீடுவீடாகப் போய்ச் சொன்னார்கள். மதுரையைச் சுற்றி மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை என்று இப்படிப்பட்ட குகைகள் வரிசையாக இருக்கின்றன. மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயரே கல்லில் இருக்கிறது.

“அந்தக் காலத்தில் அவர்கள் பெயர் வெட்டினார்கள், இந்தக் காலத்தில் நாங்கள் எழுதுகிறோம், இதில் என்ன தப்பு?” என்று டீக்கடையில் ஒரு தம்பி கேட்டார். கேள்வி கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அங்கேயே பதில் சொன்னாள். அழகர்மலையில் உப்பு வணிகர், கொழு (ஏர்முனை இரும்பு) வணிகர், அறுவை (துணி) வணிகர் என்று பலருடைய பெயர் இருக்கிறது; அவர்கள் துறவிகளுக்கு இடம் அமைக்கக் கொடை கொடுத்தவர்கள்; “அண்ணன் என்ன கொடுத்தீர்கள்?” என்றாள். அண்ணன் டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இனி தொல்லியல் துறை வேதியியல் பிரிவினருக்கு. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஊர் இளைஞர்கள் ஆசிட்டும் இரும்பு பிரஷும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலையை முடித்துவிடலாம் என்று தயாராக இருந்தார்கள். வந்த அதிகாரி இரண்டையும் முதலில் கீழே இறக்கச் சொன்னார். ஆசிட் கல்லையே அரிக்கும், அதன் உப்பு பாறைக்குள் தங்கிப் பின்னால் பொரிந்து வரும்; இரும்பு பிரஷின் துகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்துப் பாறையில் கறையாக நிற்கும் என்று பொறுமையாக விளக்கினார். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் துறையின் அனுமதி இல்லாமல் சுத்தம் செய்வதும் தவறுதான் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

பிறகு அவர்கள் செய்த வேலையை நின்று பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். காகிதக் கூழைக் கரைப்பானில் ஊறவைத்து, சிவப்பு எனாமல் எழுத்தின்மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தார்கள். எடுத்தபோது கூழ் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. மூங்கில் சீவலால் மெல்லச் சுரண்டி, மென்மையான பிரஷால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவினார்கள். மறுபடியும் கூழ், மறுபடியும் மூடல். அம்பு தைத்த இதயம் ஒன்று மட்டும் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. காதல் எவ்வளவு உறுதியானதோ தெரியாது, பெயின்ட் நல்ல கம்பெனிப் பெயின்ட். அந்த இடத்தில் உள்ளங்கை அளவு பாறையைச் சுத்தம் செய்ய அந்தப் பிரிவின் அம்மையார் ஒருவர் ஒரு முழு முற்பகல் குந்தியிருந்தார். அவருக்கு ஊரின் தனி வணக்கம்.

தூய்மைக் காவலர் அக்காமார்களுக்கு நன்றி சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பாறை இடுக்குகளில் கைவிட்டுச் சில்லு எடுத்தவர்கள் அவர்கள். கையுறை கேட்டபோது முதலில் வந்தது சமையலறையில் போடும் மெல்லிய உறை. தடித்த தோல் கையுறை வரும்வரை வேலை தொடங்க மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றது சரி. அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்து இறக்கிய நூறு நாள் வேலைப் பெண்களுக்கும், டிராக்டர் கொடுத்தவருக்கும், சாரக் கம்பு கொடுத்த கொத்தனாருக்கும், பிளாஸ்டிக் கப் விற்பதை நிறுத்திய பெட்டிக்கடைக்காரருக்கும் நன்றி.

காவல் உதவி ஆய்வாளர் செய்தது சிலருக்குப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதியதாக ஒப்புக்கொண்ட தம்பிகளைப் பெற்றோருடன் வரவழைத்து, 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தை வாசித்துக் காட்டினார். முன்பு 3 மாதச் சிறையும் 5,000 ரூபாய் அபராதமுமாக இருந்த உச்சபட்சத் தண்டனை, 2010 திருத்தத்துக்குப் பின் 2 ஆண்டுச் சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று உயர்ந்திருக்கிறது. அதைக் கேட்டு ஒரு தந்தையின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார். உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தத் தம்பிகள்தான் மறுவாரம் தண்ணீர்க் குடங்களை மேலே ஏற்றினார்கள். இப்போது இரவில் வெளியூர் பைக் அந்தப் பக்கம் திரும்பினால் முதல் போன் அவர்களிடமிருந்துதான் வருகிறது. ரோந்து வருவதும் நின்றுபோகவில்லை. அதற்கும் நன்றி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெயின்ட் போனது, ஆணியால் கீறியது போகவில்லை, போகவும் போகாது. கல்வெட்டின் கடைசி எழுத்துகளுக்குக் குறுக்கே இரண்டு கீறல்கள் ஓடுகின்றன. அதை நிரப்பினால் இன்னும் கெடும் என்று அப்படியே விடச் சொல்லிவிட்டார்கள். மேலூர் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கிரானைட் பாளங்களாக அறுபட்டு லாரி ஏறின. அதில் தப்பிய மலையை ஓர் ஆணி இந்தப் பாடு படுத்தியிருக்கிறது என்று நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

வரவு செலவுக் கணக்கை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் கேட்கலாம். அடிவாரத்துக்குத் தெருவிளக்கு கேட்டு அடுத்த தீர்மானம் தயாராக இருக்கிறது, கிராமசபைக்குத் தவறாமல் வாருங்கள். சாரக் கம்புகளைத் திருப்பித் தந்தாயிற்று. மலைக்கு வந்த குடங்களில் அடிப்பாகம் நசுங்கிய எவர்சில்வர் குடம் ஒன்று மட்டும் யாரும் கேட்காமல் டீக்கடையில் இருக்கிறது. உரியவர் வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
ஊர் மக்கள் சார்பில்