உங்கள் பிரௌசரில் இருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் பற்றி, கடையிலிருந்து ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு ரீச்சர் லப்டொப்பைக் கொண்டுவந்தார். கூகிளில் எதைத் தேடினாலும் வேறு ஏதோ பக்கம் திறக்குது, வைரஸ் போல, போர்மட் அடிச்சுத் தாங்கோ தம்பி என்றார். திறந்து பார்த்தால் வைரஸ் இல்லை. குரோம் பிரௌசரில் 19 எக்ஸ்டென்ஷன், அதாவது பிரௌசரோடு நாமே சேர்த்துக்கொள்ளும் சின்னச் செயலிகள். விளம்பரம் தடுக்க மட்டும் மூன்று. தேடலைத் திருப்பிவிட்டது, எப்போதோ ஒரு நாள் அவசரத்துக்குப் போட்ட பீடிஎஃப் எக்ஸ்டென்ஷன். அதை நீக்கியதும் சரியாகிவிட்டது. ஆனால் இவ்வளவு நாளும் அதே பிரௌசரில்தான் அவர் வங்கிக் கணக்கையும் பார்த்து வந்திருக்கிறார். அதுதான் எங்களுக்கு மனம் கேட்கவில்லை, எல்லோருக்கும் எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

எக்ஸ்டென்ஷனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று இருந்தால், நீங்கள் எந்தெந்தப் பக்கம் போகிறீர்கள் என்று பின்தொடரும் நிரல்களில் பெரும்பாலானவை ஓடவே மாட்டாது, டேட்டாவும் மிச்சம், "உங்கள் கணினியில் வைரஸ், உடனே அழையுங்கள்" என்று பயமுறுத்தும் போலிப் பக்கங்களும் குறையும், ஏனென்றால் அவற்றில் நிறைய விளம்பரம் வழியாகத்தான் வருகின்றன.

சிக்கல் என்னவென்றால், தடுப்பதற்காகப் பெரும்பாலான தடுப்பான்கள் எல்லாவற்றையும் பார்க்கின்றன. போடும்போது "எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளை வாசிக்கவும் மாற்றவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அனுமதி கேட்கும், நாங்கள் எல்லோரும் வாசிக்காமலே அழுத்திவிடுகிறோம். நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும் அந்த வரிக்குள் அடக்கம். வெளிநாடு போகிறவர்கள் வீட்டுத் திறப்பை இங்கே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் ஊரில் வழமைதானே. அவர் நல்லவராகவே இருக்கட்டும், திறப்பு அவர் கையிலிருந்து இன்னொருவரிடம் போனால் கனடாவில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

இது நடந்த கதை. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது, பாவிக்காத டேப்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை (ரேம்) மிச்சப்படுத்தும், 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறு யாருக்கோ விற்றார். 2021 பெப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறதென்று கூகிளே அதை நீக்கியது. விற்காவிட்டாலும் ஆபத்து உண்டு: 2024 நத்தாருக்கு முதல் நாள் சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தார், அவர்களுடைய எக்ஸ்டென்ஷனில் திருடர்கள் தீங்கான நிரல் சேர்த்த பதிப்பு அப்டேட்டாகவே பாவனையாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. தரவுப் பாதுகாப்பையே தொழிலாகச் செய்கிற நிறுவனம் அது. அப்டேட் தானாக வரும், உங்களிடம் கேட்காது.

ஆகவே எங்கள் அபிப்பிராயம்: ஒரு தடுப்பான் போதும், மூன்று வேண்டாம். பயர்பொக்ஸ் பிரௌசர் என்றால் யூபிளொக் ஒரிஜின் (uBlock Origin), குரோம் என்றால் அதன் லைட் பதிப்பு (uBlock Origin Lite). பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்துப் போடுங்கள், ஒத்த பெயரில் வேறும் இருக்கின்றன. மற்றவற்றுக்கு, குரோமின் மேல் வலது மூலையில் உள்ள புதிர்த்துண்டுக் குறியை அழுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து, எதற்குப் போட்டோம் என்று ஞாபகம் வராததை யோசிக்காமல் நீக்குங்கள். விட்டுவைப்பதை "அழுத்தும்போது மட்டும்" இயங்கும்படி மாற்றலாம், அந்த எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்திலேயே அது இருக்கிறது. வங்கி வேலையை இன்கொக்னிட்டோ (Incognito) என்ற தனிப்பட்ட ஜன்னலில் செய்யுங்கள், நீங்களாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது.

முன்பு புது லப்டொப் வாங்குபவர்களுக்கு நாங்களே நாலைந்து எக்ஸ்டென்ஷன் போட்டுத்தான் கொடுத்தோம். நல்லதென்று நினைத்துச் செய்தது, ஆனால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் கேட்காமல் எதையும் போட மாட்டோம். எங்களிடம் வாங்கியதோ இல்லையோ, லப்டொப்பைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம், 10 நிமிட வேலை, காசு வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் எங்களிடமும் சொல்லாமல் நீங்களே அடித்துத் திறந்து தாருங்கள்.

அன்புடன்,
கஸ்தூரியார் வீதிக் கடையிலிருந்து