தமிழ்ச் சங்கம், நியூ ஜெர்சி: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விழா, கோடைச் சுற்றுலா, தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சென்ற பொதுக்குழுவில் அரை மனதோடு ஒப்புக்கொண்டோமே, அந்த சரகேட் பேரன்ட் (பெற்றோர் இடத்தில் நின்று குழந்தைக்காக முடிவெடுப்பவர்) தொண்டு என்ன ஆயிற்று என்றுதான் நான் சொல்ல வேண்டும்.

முதல் தொல்லை பெயரில். வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்ட இரவே நாலு பேர் கூப்பிட்டார்கள். "வாடகைத் தாய் விஷயத்தில் சங்கத்துக்கு என்ன வேலை?" வாடகைத் தாயையும் ஆங்கிலத்தில் 'சரகேட்' என்பதால் வந்த குழப்பம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. பேச்சிலோ நடையிலோ பின்தங்கிய, மூன்று வயது நிறையாத குழந்தைகளுக்கு 'எர்லி இன்டர்வென்ஷன்' என்ற, சிறு வயதிலேயே தெரபி தந்து உதவும் சேவை உண்டு. 1986இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் ஏற்பாடு அது. நம் மாநிலத்தில் சுகாதாரத் துறை நடத்துகிறது. குழந்தையைப் பரிசோதிப்பதற்கே பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். பெற்றோர் யாரென்றே தெரியவில்லை, தேடியும் அகப்படவில்லை, அல்லது குழந்தை அரசின் பொறுப்பில் இருக்கிறது என்றால் யார் கையெழுத்துப் போடுவது? குழந்தைக்குச் சேவை தரும் அரசுத் துறையின் ஊழியர் போட முடியாது, தெரபி தரும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவரும் கூடாது. வளர்ப்புப் பெற்றோர் இருந்தால் பெரும்பாலும் அவரே போதும். அப்படி யாரும் அமையாத குழந்தைக்காக நியமிக்கப்படுகிறவர்தான் சரகேட் பேரன்ட். குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வருவதில்லை, வளர்ப்பதும் இல்லை. கூட்டத்துக்குப் போவார், தாளைப் படிப்பார், கேள்வி கேட்பார், சம்மதிப்பார் அல்லது மறுப்பார்.

ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். பயிற்சி முடித்தவர்கள் இரண்டு பேர். முதல் குழந்தைக்கு நாம் பரிந்துரைத்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட். இதைவிடப் பொருத்தமான ஆள் யார் என்று நினைத்தேன். அவர் வேலை பார்க்கும் இடமே அந்தக் குழந்தைக்குத் தெரபி தரும் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் விட்டது என் தவறு. தேவை என்று தெரிந்த 30 நாட்களுக்குள் ஆளை நியமிக்க முயல வேண்டும் என்கிறது விதி. அதில் மூன்று வாரம் என்னால் வீணானது. ஒன்றேமுக்கால் வயதுப் பிள்ளைக்கு மூன்று வாரம் சின்ன விஷயமா?

அப்புறம் போனவர் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். கூட்டத்துக்கு முந்தின நாளே அனுமதி வாங்கி டேகேருக்குப் போய், தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்திருக்கிறார். பிள்ளை ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டே இருந்ததாம். இவர் இன்னொரு மூடியை எடுத்துச் சுழற்றியதும் நிமிர்ந்து பார்த்ததாம். மறுநாள் கூட்டத்தில் மேசையில் வைத்த, பிள்ளைக்கான சேவைத் திட்டத்தில், வாரம் ஒருமுறை மதியம் ஒரு மணிக்குத் தெரபி என்று இருந்தது. அந்த டேகேரில் பன்னிரண்டரைக்கே பாயை விரித்துத் தூங்க வைத்துவிடுவார்கள். "தூங்குகிற பிள்ளைக்கு எப்படிப் பேச்சுச் சொல்லித் தருவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நேரம் காலை பத்துக்கு மாறியது. அதன் பிறகுதான் கையெழுத்து.

பாட்லக்கில் அவரைப் பிடித்துக்கொண்டு "எந்த ஊர்ப் பிள்ளை, அப்பா அம்மா எங்கே?" என்று கேட்காதீர்கள். அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. நான் மேலே எழுதியதும் அவரிடம் கேட்டுத்தான். அடையாளம் தெரியும் எதையும் விட்டுவிட்டேன்.

திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்னதாக, அடுத்து என்ன என்று பேசும் கூட்டம் ஒன்று உண்டு. மூன்று வயதுக்குப் பின் பள்ளி மாவட்டத்தின் பொறுப்பு, அங்கே நியமனமும் தனி. அதுவரை இவர் தொடர்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மறுஆய்வு வரும் மாதம், தமிழ்ப்பள்ளி நாளிலேயே வருகிறது. அன்று இவருடைய இரண்டாம் நிலை வகுப்பை எடுக்க ஒருவர் தேவை. இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்