படித்துறையில் நிற்பவரையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய 3 நாள்களை ஒட்டித் தங்கள் நாளிதழில் ஆண்டுதோறும் வரும் செய்திகளையும், அவற்றைத் தொடர்ந்து வெளியாகும் வாசகர் கடிதங்களையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். இராமேசுவரம் அக்னி தீர்த்தத்திலும், பவானி கூடுதுறையிலும், ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திலும் இறந்த முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடும் தர்ப்பணத்துக்கு எவ்வளவு கூட்டம் கூடியது, எத்தனை சிறப்புப் பேருந்துகள் ஓடின, எத்தனை போலீசார் காவலுக்கு நின்றார்கள் என்பதைச் செய்தி சொல்லும். ஓரிரு நாள் கழித்துக் கடிதப் பகுதியில் ஒருவர், செத்தவர் எள்ளும் தண்ணீரும் குடிக்கவா திரும்பி வருவார் என்று கேட்பார். அவருக்கு மறுப்பாக இன்னொருவர், எள்ளில் இன்ன சத்து இருக்கிறது, தர்ப்பைப் புல்லுக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் ஆற்றல் இருக்கிறது என்று அறிவியலைத் துணைக்கு அழைப்பார். இரண்டு கடிதங்களிலும், ஈரத் துணியோடு படித்துறையில் நிற்கும் மனிதருக்கு மட்டும் இடமிருப்பதில்லை. அங்கே நின்ற ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் தந்தை பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய பக்திமான் அல்லர். அம்மா அழைத்தால் கோயிலுக்கு வருவார், அவ்வளவுதான். ஆனால், ஆடி அமாவாசையன்று மட்டும் விடியலுக்கு முன்பே எழுந்து, தோளில் துண்டும் கையில் சிறிய எள் பொட்டலமுமாக மிதிவண்டியில் காவிரிக்குக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பி வரும்வரை எங்கள் வாசலில் கோலம் விழாது. வாழைக்காய்க் கறியோடு சமைத்து, முதல் கவளத்தைக் காக்கைக்கு வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் எங்களுக்குச் சோறு. அவர் அங்கே என்ன செய்தார், செய்யும்போது என்ன நினைத்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

2021 மே மாதத்தில், கொரோனா இரண்டாம் அலையில், அவர் மருத்துவமனையில் காலமானார். அந்த மாதத்தில் உறவினரை இழந்தவர்களுக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. உறையிட்டுக் கட்டிய உடலைச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்க விட்டார்கள். குளிப்பாட்டவில்லை, புது வேட்டி உடுத்தவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. உயிரற்ற வாயில் ஒரு பிடி அரிசி போடுவதால் இறந்தவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அதுவரை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். அந்த ஒரு பிடி அரிசி யாருக்குத் தேவைப்படுகிறது என்பது, அதைப் போட முடியாமல் வீடு திரும்பியபோதுதான் எனக்கு விளங்கியது. பல மாதங்கள்வரை என் வலது கையில் ஏதோ ஒரு வேலை முடியாமல் நிற்பதுபோலவே இருந்தது. அந்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு நீர்நிலைகளில் மக்கள் கூடவும் தடை இருந்தது. தடை சரியானதே, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால், அந்தத் தடையால் எதை இழந்தோம் என்று எவரும் எங்களைக் கேட்டதாக நினைவில்லை.

2022-ஆம் ஆண்டு ஆடி அமாவாசைக்கு நானே அம்மா மண்டபத்துக்குப் போனேன். நான் ஒரே பிள்ளை. கணவரும் உடன் வந்தார். வரிசையாக அமர்ந்திருந்த புரோகிதர்களுள் முதலில் நாங்கள் அணுகியவர், ஆண் பிள்ளை இல்லையென்றால் மாப்பிள்ளை செய்யட்டும், பெண்கள் கையில் எள் வாங்கக் கூடாது என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. தாம் கற்றதைச் சொன்னார். என் கணவர் நல்லவர், அப்பாவிடம் அன்பாக இருந்தவர். ஆயினும் என் தாத்தாவின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. எனக்காக அவர் அழ முடியாததைப் போலவே, எனக்காக அவர் அந்தத் தண்ணீரை விடவும் முடியாது என்று அப்போது பட்டது.

மரபு அதுதானே என்பார்கள். மரபு பழையதுதான். புறநானூற்றின் 9-ஆம் பாடலில், பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி போருக்கு முன் விடுக்கும் அறிவிப்பாக நெட்டிமையார் பாடும் வரிகளில், தென்புல வாழ்நர்க்கு (இறந்த முன்னோர்க்கு) அருங்கடன் இறுக்கும் (செலுத்தும்) பொன்போல் புதல்வரைப் பெறாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று வருகிறது. ‘புதல்வர்’ என்ற சொல்லை அந்தப் புரோகிதர் பிடித்துக்கொண்டார் என்றால், ‘அருங்கடன்’ என்ற சொல்லை நான் பிடித்துக்கொள்கிறேன். ஒரு வேலையைக் கடனே என்று செய்தான் என்றால் இன்று மனமில்லாமல் செய்தான் என்று பொருளாகிவிட்டது. அன்று அந்தச் சொல்லுக்கு இருந்த கனத்தை, செலுத்த வேண்டிய ஒன்றைச் செலுத்த இடமில்லாமல் ஓராண்டுக்கு மேல் அலைந்த என்னைப் போன்றவர்கள் அறிவார்கள். கடன் பட்டவள் நானாக இருக்கும்போது அதை வேறொருவர் எப்படி இறுப்பது?

சற்றுத் தள்ளி அமர்ந்திருந்த இன்னொரு முதியவர், உட்காரம்மா என்று இலையைப் போட்டார். தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களைக் கேட்டார், சொன்னேன். என் தாய் உயிரோடிருப்பதால் பெண்களின் வரிசை ஒரு தலைமுறை மேலே போகும் என்று சொல்லி, தந்தையின் தாய், அவருடைய மாமியார், அவருக்கும் மாமியார் என 3 பெயர்களைக் கேட்டார். எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. தந்தையின் தாயை நான் ‘அப்பாயி’ என்று மட்டுமே அறிவேன். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் தாத்தாக்களின் பெயர்கள் உண்டு, பாட்டிகளின் பெயர்கள் இல்லை. அங்கிருந்தே அத்தைக்குத் தொலைபேசினேன். அத்தை தம் தாயின் பெயரைச் சொன்னார்; பாட்டியின் பெயரைச் சற்று யோசித்துச் சொன்னார். பெயரோடு கூடவே, அந்தப் பாட்டி 2 பிள்ளைகளை அம்மையில் பறிகொடுத்தவர் என்பதையும், மிஞ்சிய பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் வளர்த்தவர் என்பதையும் சொன்னார். அந்த மிஞ்சிய பிள்ளைதான் என் தாத்தா. மூன்றாம் பெயர் அத்தைக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாதவருக்குக் கங்கை என்று சொல்லலாம் என்றார் புரோகிதர். ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு, என் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை உரக்கச் சொல்லும்படி வேறு எந்த இடமும் அதுவரை கேட்டதில்லை.

தெற்கு நோக்கி அமர்ந்து, தர்ப்பைப் புல் மோதிரமான பவித்திரம் அணிந்த கையில் எள்ளை வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தண்ணீர் வழியுமாறு ஒவ்வொரு பெயருக்கும் 3 முறை விட்டேன். அப்பாவின் பெயர் வந்தபோது, கடைசி நாள்களில் அவர் தண்ணீர் கேட்டாரா, யாராவது கொடுத்தார்களா என்பது எனக்குத் தெரியாதே என்ற எண்ணம் வந்தது. அந்த எண்ணம் அதற்கு முன்பும் வந்ததுதான். படுக்கையில் வரும், சமையலறையில் வரும், வந்தால் ஒன்றும் செய்யத் தோன்றாது. அன்று மட்டும் அந்த எண்ணம் வந்த நொடியில் என் கையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பெற்றுக்கொண்டார் என்று நம்புகிறாயா என்று என்னைக் கேட்டால், எனக்கு விடை இல்லை. ஆனால், இறந்தவருக்காக நாம் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லாமல் போய்விடுவதைப் போலக் கொடியது துக்கத்தில் வேறில்லை. அப்பாவுக்குச் செய்ய ஒரு வேலை இன்னும் மிச்சமிருந்தது என்பதை என் கை நம்பியது.

முடிவில், பவித்திரத்தை அவிழ்ப்பதற்கு முன் ஒரு மந்திரம் சொல்லி மிச்சத் தண்ணீரையும் விடச் சொன்னார். பொருள் கேட்டேன். தாயோ தந்தையோ உறவினரோ எவரும் இல்லாதவர்கள் யாரோ, அவர்கள் அனைவரும் நான் விடும் இந்தத் தர்ப்பைத் தண்ணீரால் நிறைவடையட்டும் என்பதே அதன் பொருள். அந்த மே மாதத்தில் உரிமை கோர ஆளில்லாமலும், உறவினர்கள் வர அஞ்சியதாலும் தன்னார்வலர்களின் கைகளுக்குப் போன உடல்களை நினைத்துக்கொண்டேன். முன்பின் அறியாத அவர்களுக்கும் ஒரு கைத் தண்ணீர் உண்டு என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

இது என் ஒருத்தியின் அனுபவம். பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர், தமக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்றும், தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஆண்டுக்கு ஒருமுறை வருவதாகவும் சொன்னார். புரோகிதரைத் தேடாமலே, ஒரு கட்டு அகத்திக்கீரையை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்ற மூதாட்டியைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் வாழும் என் தோழி, தம் ஊர் வழக்கப்படி தந்தைக்கு ஆடி அமாவாசையையும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியையும் நோற்பவர். கீரிமலைக் கடலில் தீர்த்தமாட முடியாத அவருக்கு, எங்கிருந்தாவது அந்த விரதச் சமையலுக்குரிய காத்தோட்டிக்காய் வாங்கிச் சமைத்துவிட்டால் அந்த நாள் நிறைந்துவிடுகிறது. ஒரே அமாவாசையில் நால்வருக்கு நான்கு பொருள். இவர்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும், பக்தர்கள் என்று ஒரே சொல்லில் போற்றுவதும் இவர்களைப் பார்க்காமல் பேசுவதே ஆகும்.

சடங்கு என்றாலே சாஸ்திரம் விதித்தது என்று எண்ணுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் மீனவக் கிராமங்களின் மக்கள் கடற்கரைக்கு வந்து, கடலில் பாலை ஊற்றி மலர் தூவுகிறார்கள். எந்த நூல் அவர்களை அப்படிச் செய்யச் சொன்னது? பிள்ளையைக் கொண்டுபோன கடலுக்கே பால் ஊற்றும் ஒரு தாய்க்கு அந்தச் செயல் என்னவாக இருக்கிறது என்பதை, வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி ஏற்றுபவருக்கும், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறையைக் கழுவிப் பூ வைப்பவருக்கும், நாகூரில் பாத்திஹா ஓதுபவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிராது என்றே எண்ணுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவள் ஆகமாட்டேன். பங்கேற்பவருக்கு என்ன பொருள் என்று கேட்கத் தொடங்கினால், சடங்கால் காயப்பட்டவரையும் கேட்டாக வேண்டும். கணவனை இழந்த பெண்ணை நடுவீட்டில் உட்காரவைத்து, ஊர் பார்க்க வளையலை உடைத்துப் பூவைப் பறிக்கும் சடங்கு, அதற்கு ஆட்படும் பெண்ணுக்கு என்ன பொருள் தருகிறது? என் தாய்க்கு அது நடக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் கூடுவதற்கு உறவினர் இல்லை. தாலியைத் தாமே கழற்றி, அப்பாவின் கைக்கடிகாரத்தோடு ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டார். எவரும் வராததில் தமக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். எள்ளுத் தண்ணீர் எனக்குத் தந்ததையும் அந்தச் சடங்கு நடவாமல் போனது அம்மாவுக்குத் தந்ததையும் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன்: அதைச் செய்பவரின், அதற்கு ஆட்படுபவரின் சொல்லே அந்த அளவுகோல்.

அத்தை 3 மாதங்களுக்கு முன் வந்திருந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஊருக்குக் கிளம்பும்போது, மகாளயத்தில் அத்தைமார்களுக்கும் தண்ணீர் விடுவதுண்டாமே, பிற்காலத்தில் என் பெயரையும் சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். தம் பாட்டிகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, கடைசியில் தம் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆடி அமாவாசையன்று தங்கள் செய்தியாளர் படித்துறைக்கு வரும்போது, கூட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, கரையேறி வரும் நான்கு பேரையாவது நிறுத்தி, யார் பெயரைச் சொன்னீர்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெண்கள் எவரேனும் எள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவர்களிடமும் தவறாமல் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருச்சிராப்பள்ளி