மதிய வகுப்புக்கு வந்தவர்கள்: ஒரு சிஸ்டருக்குக் கடிதம்

அன்புள்ள சிஸ்டர் மரி மதலேன் அஷார் அவர்களுக்கு,

தோத்திரம். நானும் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள்தான், அதனால் சிஸ்டர் என்றுதான் கூப்பிட வருகிறது. நமக்கு நடுவில் முந்நூறு வருடம் இருந்தாலும் பரவாயில்லை.

பிரான்ஸின் ரூவான் நகரில் இருந்த உங்கள் அப்பாவுக்கு நீங்கள் எழுதிய கடிதங்கள் 1728லேயே அந்த ஊரில் அச்சாகிவிட்டன. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பார்கள். அந்த நாகரிகத்தை எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் அமெரிக்காவில் அப்போது பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்து உர்சுலைன் கன்னியர் சபைப் பள்ளி எப்படித் தொடங்கியது என்பதில் பாதி நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

1727 பிப்ரவரியில் லொரியான் துறைமுகத்தில் 'ஜிரோந்து' கப்பல் ஏறினீர்கள். மதர் மரி திரான்ஷ்பேன் தலைமையில் பன்னிரண்டு சகோதரிகள். நீங்கள் அப்போது இன்னும் வார்த்தைப்பாடு கொடுக்காத நொவிஸ். கூட வந்தவர்களை எல்லாம் அப்பாவுக்கு வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு அழகான பூனைக்குட்டியையும் சேர்க்கிறீர்கள்: பிரான்ஸைப் போல லூசியானாவிலும் எலி இருக்கும் என்று நினைத்து அதுவும் சபையில் சேர ஆசைப்பட்டதாம்! அந்த இடத்தில்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது. கப்பல் பாறையில் உரசியதும், மணல்திட்டில் மாட்டியதும், மிசிசிப்பி ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து படகில் போகும்போது கொசு பிடுங்கியதும் எல்லாம் அதே உற்சாகத்தோடு வருகின்றன. ஆகஸ்டில் ஊர் போய்ச் சேர்ந்ததும் சாப்பாட்டுப் பட்டியல் போடுகிறீர்கள். காட்டு வான்கோழி, மான் கறி, மீன், அப்புறம் பாலில் வேகவைத்த அரிசி. ரூவான் பெண்ணுக்குப் பால்சோறு பழகிவிட்டதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

உங்களை அனுப்பிய கம்பெனி எங்களுக்கும் தெரிந்ததுதான். அப்போது புதுச்சேரியையும் நடத்திக்கொண்டிருந்த அதே பிரெஞ்சு இந்தியக் கம்பெனி. 1726 செப்டம்பரில் உங்களோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் முதல் வேலை ஆஸ்பத்திரி. நோயாளிகளைக் கவனித்ததுபோக முடிந்தால் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அவ்வளவுதான். கணக்குப் பார்க்கிற கம்பெனிக்கு நர்ஸ்கள்தான் தேவைப்பட்டார்கள். ஆனால் உங்கள் சபை, 1535ல் இத்தாலியின் பிரேஷா நகரில் ஆஞ்செலா மெரிசி தொடங்கிய காலத்திலிருந்தே பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வளர்ந்தது. வாடகை வீட்டில் இருந்துகொண்டே பள்ளியைத் தொடங்கினீர்கள். ஆஸ்பத்திரி வேலை, 1734ல் முதல் மடம் கட்டி முடித்துக் குடிபோன பிறகுதான் ஆரம்பித்தது. ஒப்பந்தத்தில் இரண்டாம் இடத்தில் இருந்த வேலை முந்திக்கொண்டது. இன்றுவரை நிற்பதும் அதுதான்.

1728ல் போர்டிங்கில் சுமார் இருபது பிள்ளைகள். 1729ல் நாச்செஸ் பழங்குடியினர் பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தாக்கியபோது தாய் தகப்பனை இழந்த சிறுமிகளும் உங்களிடமே வந்தார்கள். பணக்கார வீட்டுப் பெண், அநாதை, வீட்டிலிருந்து வந்துபோகிறவள் எல்லோரும் ஒரே மடத்துக்குள். 

சரி, நான் எழுத உட்கார்ந்தது மதிய வகுப்பைப் பற்றித்தான். தினமும் மதியம் கறுப்பினப் பெண்களும் செவ்விந்தியப் பெண்களும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வந்து படித்துவிட்டுப் போவார்கள் என்று எழுதுகிறீர்கள். முக்கியமாக ஞானோபதேசம், அதாவது கிறிஸ்தவ மறைப்பாடம். ஞானஸ்நானத்துக்கும் புதுநன்மைக்கும் (முதல் நற்கருணைக்கும்) தயார்செய்ய அடிமைப் பெண்கள் சிலரை மடத்திலேயே தங்கவைத்ததாகவும் இருக்கிறது. அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று 1724ல் லூசியானாவுக்கு வந்த கறுப்பர் சட்டமே சொன்னது, உண்மைதான். ஆனாலும் ஏட்டில் இருக்கிற சட்டத்துக்காக எத்தனை பேர் வகுப்பு எடுத்திருப்பார்கள்? நீங்கள் எடுத்தீர்கள்.

அதே கடிதங்களில் இன்னொரு சேதியும் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்யக் கம்பெனி உங்கள் மடத்துக்கு எட்டு அடிமைகளைக் கொடுத்தது. கொடுத்த கையோடு இருவர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நல்லவளாக ஒருத்தியை மடத்து வேலைக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பினீர்கள். முட்டை விலை சொல்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறீர்கள். பூனைக்குட்டிக்கு என்ன ஆசை என்று யோசித்த உங்களுக்கு, ஓடிப்போன இருவர் என்ன நினைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. பெயர்கூட எழுதவில்லை. உங்கள் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிவிடலாம்தான். எனக்கு அது போதவில்லை சிஸ்டர். மதியம் சொல்லிக்கொடுத்தவர்களும், தோட்டத்தில் வேலை வாங்கியவர்களும் நீங்கள்தானே. அந்த மடம் தலைமுறை தலைமுறையாக அடிமைகளை வைத்திருந்தது.

நீங்கள் 1760ல் கண்ணை மூடினீர்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர் ஸ்பெயின் கைக்குப் போனது, மறுபடி பிரான்ஸ், 1803ல் அமெரிக்கா. புது அரசாங்கம் மடத்துச் சொத்தைப் பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் 16 சகோதரிகள் ஹவானாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் தலைவி மதர் ஃபர்ஜோன் நேராக ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கே எழுதினார். உங்கள் சொத்துக்குப் பங்கம் வராது, உங்கள் விதிப்படி நீங்களே நடத்திக்கொள்ளலாம், அரசு குறுக்கிடாது என்று 1804ல் அவர் பதில் போட்டார். 1815 ஜனவரி 8ல் ஊர் எல்லையில் ஆங்கிலேயருடன் சண்டை நடந்தபோது சகோதரிகள் மாதா சுரூபத்தின் முன் விழித்திருந்து ஜெபித்தார்கள். அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் ஜெயித்த கையோடு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். நேர்ந்துகொண்ட பூசை இன்றும் வருடா வருடம் நடக்கிறது.

நீங்கள் கடைசிக் காலத்தில் வாழ்ந்த ஷார்ட்ர் தெருக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1788ல் ஊரே தீப்பற்றி எரிந்தபோதும் தப்பித்தது. மிசிசிப்பிப் பள்ளத்தாக்கிலேயே பழைய கட்டடம் என்கிறார்கள். பள்ளி மட்டும் 1824ல் ஆற்றின் கீழ்ப்பக்கத்துக்கும், 1912ல் ஸ்டேட் தெருவுக்கும் இடம் மாறியது. அமெரிக்காவில் இடைவிடாமல் நடந்துவரும் பெண்கள் பள்ளிகளில் அதுவே பழையது.

மதிய வகுப்புப் பெண்களின் பாதை வேறு பக்கம் போனது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர் ஞானஸ்நானப் பதிவேடுகளில் ஞானத்தாயாக நின்றவர்களில் ஆப்பிரிக்க வம்சப் பெண்கள் ஏராளம். விசுவாசத்தைக் கையில் எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்தச் சமூகத்திலிருந்து வந்த ஹென்ரியெட் தெலீல், 1842ல் கறுப்பினப் பெண்களுக்கென்று திருக்குடும்பச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். அடிமைகளுக்கு ஞானோபதேசம் சொல்வதுதான் அவரும் முதலில் செய்த வேலை. 1862ல் அவர் இறந்துபோனார். அடிமைமுறை ஒழிந்த பிறகு, 1867ல், அவருடைய சகோதரிகள் கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்காகச் செயிண்ட் மேரிஸ் அகாடமியைத் தொடங்கினார்கள். வெள்ளைப் பிள்ளைகள் படித்த கத்தோலிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி பேராயர் ரம்மல் உத்தரவு போட 1962 வரை ஆனது. அந்த ஆணையை எதிர்த்தவர்களில் சிலரைச் சபைநீக்கமே செய்ய வேண்டியிருந்தது.

இரண்டு பள்ளிகளும் இன்று அதே நகரத்தில் நடக்கின்றன. ஒன்றின் சுவரில் 1727 என்று பெருமையாகப் போட்டிருக்கிறது. மற்றதன் கதையையும் அதே வருடத்திலிருந்துதான் நான் எண்ணுகிறேன்.

அன்புடன்,
ஒரு கான்வென்ட் மாணவி

(பி.கு. அப்பா உங்களுக்கு எழுதிய பதில்களையும் யாராவது அச்சில் போட்டிருக்கலாம்.)