பாமினியில் கிடக்கும் அப்பம்மாவின் கல்வெட்டு

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. அப்பம்மாவின் கல்வெட்டை, அதாவது அவர் இறந்தபோது அச்சிட்ட நினைவு மலரை, உன் மடிக்கணினியில் திறந்தபோது முதற்பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் இறைந்து கிடப்பதைக் கண்டு, கோப்பு பழுதாகிவிட்டது, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அழிக்க வேண்டாம். அதில் ஓர் எழுத்தும் பழுதாகவில்லை. 1998ஆம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தட்டச்சுக் கடையில் இருந்து, அந்தியேட்டி என்ற ஈமச்சடங்குக்கு மூன்று நாள் இருக்கையில் நான் தட்டச்சுச் செய்தபடியே இன்றும் இருக்கிறது. நாள்தோறும் எத்தனையோ கோப்புகளைத் திறந்து மூடுகிற உனக்கு, கோப்பு, எழுத்துரு, குறியேற்றம் என்ற மூன்றும் வெவ்வேறு என்பதை ஒருவரும் சொல்லித் தரவில்லை போலும். நானும் சொல்லித் தரவில்லை. கடையில் என் பக்கத்துக் கதிரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்த பிள்ளைக்கு இதெல்லாம் தானாகவே தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

உன் படத்தின் மூன்றாம் வரியைப் பார். எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று ஐந்து குறிகள் இடைவெளியின்றி நிற்கின்றன. அது 'அம்மா'. எம் இருக்கும் இடத்தில் அகரம், கே இருக்கும் இடத்தில் மகரம், அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி, எச் என்பது கால். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் நாள் முழுவதும் தட்டச்சுச் செய்தவர்களுக்கு இந்தக் குப்பையை அப்படியே வாசிக்க வரும். எனக்கு இப்போதும் வருகிறது.

இது ஏன் இப்படி ஆயிற்று என்றால், கணினி எழுத்தை வைத்திருப்பதில்லை, எண்ணைத்தான் வைத்திருக்கிறது. அந்த எண்ணையும் பூச்சியம், ஒன்று என்ற இரண்டே நிலைகளால்தான் எழுதிக்கொள்கிறது. அப்படி ஒரு பூச்சியமோ ஒன்றோ நிற்கும் இடம் பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஒரு பைட்டில் 256 வெவ்வேறு எண்களில் ஏதேனும் ஒன்றை வைக்கலாம். கோப்பு என்பது இத்தகைய பைட்டுகளின் நீண்ட வரிசை, அவ்வளவுதான். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அட்டவணைக்குக் குறியேற்றம் என்று பெயர். 1963இல் அமெரிக்காவில் முதன்முதல் வெளிவந்த ஆஸ்கி என்ற அட்டவணையில் 128 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அது போதும், தமிழுக்கு அதில் இடமில்லை. சிறிய எம்மின் எண் அதில் 109. பிட்டுகளாக எழுதினால் 01101101.

எழுத்துரு வேறு சங்கதி. இந்த எண் வந்தால் திரையில் இந்த வடிவத்தை வரை என்று சொல்லும் படத்தொகுப்பு அது. பாமினியை உருவாக்கியவர்கள் 109ஆம் இடத்தில் எம் என்ற வடிவத்தை எடுத்துவிட்டு 'அ' என்ற வடிவத்தை வைத்தார்கள். கணினியைப் பொறுத்தவரை நான் ஆங்கிலத்தில் ஏதோ உளறிக்கொண்டிருந்தேன். திரையில் வந்ததும் அச்சில் வந்ததும் தமிழ். ஒரு வகையில் ஏமாற்றுவேலைதான் என்றாலும் நான் அதைக் குறை சொல்லமாட்டேன், ஏனெனில் தமிழுக்கு வேறு வழி கைக்கு எட்டாத காலத்தில் எத்தனையோ கல்யாண அழைப்பிதழ்களும் நினைவு மலர்களும் சங்கக் கடிதங்களும் அந்த ஏமாற்றில்தான் அச்சேறின, உன் பள்ளிக்கூடப் பணமும் அதிலிருந்துதான் வந்தது. உன் கணினியில் பாமினி இல்லாததால் 109 தன் சொந்த முகத்தைக் காட்டிவிட்டது. பாமினி எழுத்துருவை நிறுவி, பக்கம் முழுவதையும் தெரிவுசெய்து அந்த எழுத்துருவுக்கு மாற்றினால் இன்றைக்கே வாசித்துவிடுவாய்.

ஆனால் வாசித்தால் மட்டும் போதாது. உன் தம்பியிடம் இருக்கும் பிடிஎஃப் படி ஒழுங்காகத் தெரிகிறதே என்று எழுதியிருந்தாய். பிடிஎஃப் செய்யும்போது எழுத்துருவின் வடிவங்களையும் கோப்புக்குள்ளேயே வைத்துவிட முடியும், அதனால் கண்ணுக்குக் குறையில்லை. அதில் 'அம்மா' என்று தேடிப் பார், ஒன்றும் அகப்படாது. ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பழைய எம்மும் கேயும் வந்து விழும். ஆடை தமிழ், உள்ளே இருக்கும் எண் ஆங்கிலம்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் யூனிகோட், ஒருங்குறி என்றும் சொல்வார்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அட்டவணையில் தனித்தனி எண். 1991இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழும் இருந்தது. 2944 தொடக்கம் 3071 வரையான இடங்கள் தமிழுடையவை. அதன்படி 'அம்மா' என்பது 2949, 2990, 3021, 2990, 3006. எந்த எழுத்துருவை மாற்றினாலும் 2949 அகரமே தவிர எம் ஆகாது. இந்த எண்கள் ஒரு பைட்டுக்குள் அடங்கா என்பதால், இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் செலவாகும். பாமினியில் ஐந்து பைட்டாக இருந்த அம்மா இங்கே பதினைந்து. 1.44 மெகாபைட் மட்டுமே கொள்ளும் பிளொப்பியில் வேலையைக் கொண்டு திரிந்த காலத்தில் இது எனக்குக் கவலையாக இருந்திருக்கும். ஏறத்தாழ ஆயிரம் பைட் ஒரு கிலோபைட், ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள். கல்வெட்டுக் கோப்பு 60 கிலோபைட்தான், உன் கைபேசி எடுக்கும் 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் இத்தகைய ஐம்பது கோப்புகளை வைக்கலாம்.

நினைவகம், சேமிப்பகம் என்ற இரண்டையும் நீ உன் கடிதத்தில் ஒன்றாகவே எழுதியிருக்கிறாய், அதையும் திருத்திவிடுகிறேன். ராம் என்னும் நினைவகத்தில் இருப்பது மின்சாரம் இருக்கும் வரைதான். வன்தட்டிலும் பென் டிரைவிலும் இருப்பது மின்சாரம் போனாலும் போகாது. சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போதுதான் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்கிறது. இதே கல்வெட்டின் ஏழு பக்கங்களை, தேவாரம் முழுவதும் முடித்து உறவினர் பட்டியலுக்கு வந்த நேரத்தில், ஒரு மின்வெட்டில் இழந்தேன். தாயை இழந்த துக்கத்தில் சேமிக்க மறந்துவிட்டேன் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். உண்மையில் வெறும் சோம்பல். அன்றிரவே எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சுச் செய்தேன், அதனால் பின்பாதியில் பிழைகள் கூடுதலாக இருக்கும்.

இனி மாற்றும் வேலை. பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோப்பிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் நொடியில் தமிழ் வந்துவிடும், ஆனால் நம்பி அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே. நடுவில் ஆங்கிலத்திலேயே எழுதிய கனடா, இலண்டன் முகவரிகள் எல்லாம் பொருளற்ற தமிழாகிவிடும், அவற்றை மட்டும் பழைய கோப்பைப் பார்த்து எழுது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளிதான் 'இ' என்பதால், முகவரிகளுக்குள் 'இ' 'இ' என்று வந்துகொண்டிருந்தால் திகைக்காதே. அவசரத்தில் காலுக்குப் பதிலாக ரகரத்தை அழுத்திய இடங்களும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், எண் வேறு.

எல்லாவற்றையும்விட ஔகாரத்தைக் கவனி. பாமினியில் 'பௌ' எழுத வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு பகரம், பிறகு ளகரம் என்று மூன்று விசைகளை அழுத்துவோம். யூனிகோட்டில் பகரம் முதலில் வரும், அதன்பின் ஔகாரக் குறி 3020 என்று ஒரே எண்ணாக வரும். மாற்றிக்கு அந்த ளகரம் ஔகாரத்தின் வாலா, தனி எழுத்தா என்று தெரியாது. பல வேளைகளில் 'பெ' என்றும் 'ள' என்றும் தனித்தனியாகப் பிரித்துவைத்துவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது. அப்பம்மா தன் தாயாருக்காக ஆண்டுதோறும் பிடித்த சித்திரா பௌர்ணமி விரதத்தைப் பற்றி உன் மாமி எழுதிய பகுதி பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. நீ பௌர்ணமி என்று தேடினால் அது வராமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கும். அந்தச் சொல்லை அழித்துவிட்டு, நீயே ஒருமுறை புதிதாகத் தட்டச்சுச் செய்துவிடு.

மாற்றியதை வேறு பெயரில் சேமி, பாமினிக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதே. இரண்டையும் உன் கணினியிலும் தம்பியின் கணினியிலும் ஒவ்வொரு படி வைத்துவிட்டு, மாற்றிய படியைத் திவசத்துக்கு இரண்டு கிழமை முன்னதாக எனக்கு மின்னஞ்சலில் அனுப்பு. அச்சிட்ட கல்வெட்டு ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது; வரிக்கு வரி ஒப்புநோக்கித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா