துபாய் வழியாகச் செல்லும் தாராவித் தோல் பொருட்கள்: தோற்றச் சான்றிதழ் வழிகாட்டு முகாம் கோரும் மனு

அனுப்புநர்:
தோல் பொருள் உற்பத்தியாளர்கள் மற்றும் சிறு ஏற்றுமதியாளர்கள்,
தாராவி, மும்பை – 400 017.

பெறுநர்:
கூடுதல் தலைமை இயக்குநர் அவர்கள்,
வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்,
சர்ச்கேட், மும்பை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வழியாகச் சவுதிக்குச் செல்லும் சரக்குக்கான ஆவணங்கள் தொடர்பாக.

தாராவியில் தைக்கும் கைப்பை, மணிபர்ஸ், பெல்ட் ஆகியவற்றை நவா சேவா துறைமுகத்திலிருந்து ஜெபல் அலிக்கு அனுப்புகிறோம். முழு கன்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சிறு பட்டறைகளிடம் சரக்கு இருப்பதில்லை. பிறர் சரக்கோடு சேர்த்துத்தான் ஏற்றுகிறோம். துபாயில் வாங்குபவர் அதைப் பிரித்து, ஒரு பங்கை அங்குள்ள தேராப் பகுதிக் கடைகளுக்கும் மறு பங்கை லாரியில் குவைஃபாத் எல்லை வழியாகச் சவுதிக்கும் அனுப்புகிறார். ரியாத்தில் நேரடி வாடிக்கையாளர் இல்லாத பட்டறைக்கு அந்தச் சந்தையின் வாசல் துபாய்தான்.

அங்கே சரக்கு பிரிகிறது. மும்பையில் வாங்கிய தோற்றச் சான்றிதழ், அதாவது சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று காட்டும் ஆவணம், பிரிவதில்லை. 40 பெட்டிக்கும் ஒரே இன்வாய்ஸ், ஒரே தோற்றச் சான்றிதழ் எடுத்துவிட்டால், அதில் 15 பெட்டி மட்டும் சவுதி எல்லைக்குப் போகும்போது எடை, எண்ணிக்கை, பெறுபவர் பெயர் எதுவுமே ஒத்துவராது. லாரி நிற்கும், வாடகை ஏறும். பலர் பழக்கத்தில் இந்திய–அமீரக வர்த்தக ஒப்பந்தத்தின் சுங்கவரிச் சலுகைக்கான தோற்றச் சான்றிதழையே எடுத்துவிடுகிறார்கள். 2022 மே 1 முதல் நடப்பிலுள்ள அந்த ஒப்பந்தத்தின் சலுகை அமீரகத்தோடு நின்றுவிடும். சவுதிக்கான பெட்டிகளுக்குத் தனி இன்வாய்ஸும், சலுகை சாராத தோற்றச் சான்றிதழும் தேவை. இதைச் சரக்கு ஏற்றுமுன்பே முடித்தாக வேண்டும்.

உற்பத்தி நாட்டின் பெயர் அழியாதபடி பொருளிலேயே இருக்க வேண்டும் என்பது சவுதிச் சுங்கத்தின் விதி. ஸ்டிக்கர் ஒட்டினால் செல்லாது. பெல்ட்டின் உட்புறம் சூட்டு அச்சு, பையின் லைனிங்கில் தைத்த லேபிள் என்று தைக்கும்போதே செய்தால் செலவு சொற்பம். துபாய்க் கிடங்கில் பெட்டியைப் பிரித்துச் செய்தால் லாபம் முழுதும் அதிலேயே போய்விடும். பர்ஸ் 4202, பெல்ட் 4203 எனச் சுங்க வகைப்பாட்டுத் தலைப்பு எண்ணும் வேறு. இரண்டையும் கலந்து அடைத்து, எந்தப் பெட்டியில் எது என்று பேக்கிங் லிஸ்டில் எழுதாவிட்டால் சோதனைக்கு மொத்தமாகத் திறக்கிறார்கள்.

தாமதம் தோலுக்கு ஆகாது. மழைக்காலத்தில் சரக்கு நிலையத்தில் கிடந்தால் சிலிக்கா ஜெல் போட்டிருந்தாலும் மடிப்புகளில் பூஞ்சை பூக்கிறது.

ஆகவே, தாராவியில் மாதம் ஒரு நாள் வழிகாட்டு முகாம் நடத்தித் தருமாறு வேண்டுகிறோம். ஒரே கன்டெய்னரில் இரு நாட்டுச் சரக்கு போகும்போது இன்வாய்ஸ், சான்றிதழ்களை எப்படிப் பிரிப்பது என்று மாதிரிப் படிவங்களோடு அங்கே விளக்க வேண்டும். தோல் ஏற்றுமதி மன்ற அலுவலர் ஒருவரும் உடன் இருந்தால் பொருள் வகைப்பாட்டுச் சந்தேகங்கள் அன்றே தீரும்.

ஏற்றுமதி–இறக்குமதிக் குறியீட்டை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்காவிட்டால் அது முடக்கப்படுகிறது. சரக்கு தயாரான பிறகே இதை அறிபவர்கள் உண்டு. மே மாத முகாமில் அந்தப் புதுப்பிப்பையும் செய்து தரவும், தமிழிலும் மராத்தியிலும் குறுஞ்செய்தி நினைவூட்டல் அனுப்பவும் கேட்டுக்கொள்கிறோம். முகாமுக்கான இடத்தை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
தாராவி தோல் பொருள் உற்பத்தியாளர்கள் மற்றும் சிறு ஏற்றுமதியாளர்கள்

இணைப்பு: மனுவின் மராத்தி மொழிபெயர்ப்பு, கையொப்பப் பட்டியல்.